நம்ம ஊர்க்காரரைப் பினாங்கில் வந்து படித்தேன்

பினாங்கு,
ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நல்ல சுகம். நீ, மச்சான், பிள்ளைகள், அம்மா எல்லாரும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில், "திரும்பவும் படிக்கலாம்னு இருக்கேன், நாலு நல்ல புத்தகம் சொல்லுடா" என்றாய். அதற்குள் ஷிப்ட் பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டான். என் அறைப் பையன் ஒருவன் லீவில் திருச்சிக்கு வருகிறான். அவனிடம் இந்தக் கடிதம், அம்மாவுக்குக் கோடாலித் தைலம் ஆறு பாட்டில், பிள்ளைகளுக்கு மைலோ, கூட இரண்டு புத்தகம் கொடுத்துவிட்டிருக்கிறேன். மற்றதை நீ அங்கேயே வாங்கிக்கொள். அவன் பெட்டியில் எடை இடிக்கிறது.

முதல் புத்தகம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அவர் எந்த ஊர் தெரியுமா? நம்ம சிங்கம்புணரி! சேவுகப்பெருமாள் கோயில் தேரை நாம் எத்தனை வருசம் பார்த்திருக்கிறோம், அதே ஊரில் 1920-ல் பிறந்தவர். பன்னிரண்டு வருசம் அங்கே பள்ளிக்கூடம் போனேன், ஒரு வாத்தியாரும் இந்தப் பெயரைச் சொன்னதில்லை. கடல் தாண்டி இங்கே வந்துதான் கேள்விப்பட்டேன்.

பதினெட்டு வயதில் கப்பலேறி, இந்தோனேசியாவில் மெடான் என்ற ஊருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போயிருக்கிறார். யுத்தமெல்லாம் பார்த்துவிட்டு 1946-ல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். நாவல் 1972-ல்தான் புத்தகமாக வந்தது. ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழைவதில் கதை தொடங்குகிறது. பாண்டியன் என்று ஒரு ஆள். நம்ம பக்கத்து ஆள்தான், வாய்க்கொழுப்பு உள்பட. மலாய், டச்சு, சீனம் எல்லாம் கலந்து கிடக்கும், முதல் நாற்பது பக்கம் தலை சுற்றும். நானே இரண்டு தடவை மூடி வைத்தவன்தான். நீ விட்டுவிடாதே. கடலில் புயல் வரும் இடத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் கீழே வைக்க மாட்டாய். குடித்துவிட்டு மதுரைத் தெருக்களையும் தமிழ்ப் பெருமையையும் பற்றிப் பேசுகிற இடங்களைப் படுத்துக்கொண்டு படித்து, அறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் பயந்துவிட்டான்.

போன லீவு நாளில் ஜார்ஜ் டவுனுக்குப் பஸ் ஏறி, சூலியா ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட் எல்லாம் நடந்தேன். ஒரு காலத்தில் செட்டியார் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்த பக்கம். வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுவார்களாம், பெட்டியடிப் பையன் என்று ஒரு வேலையே உண்டாம். இன்றைக்குப் புடவைக்கடை, பூக்கடை, பணம் மாற்றுகிற கடை. ஒரு கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே, எழுபது எண்பது வருசத்துக்கு முன்னால் நம்ம பக்கத்துப் பையன் ஒருவன் இங்கே நின்றிருந்தால் ஊர் ஞாபகத்தில் என்ன செய்திருப்பான் என்று யோசித்தேன். அவனிடம் போன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே ஆளின் முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்'. செல்லையா, மரகதம் என்று ஒரு காதல். இது சுலபமாக ஓடும். பயமாக இருந்தால் இதை முதலில் எடு. முடிவைச் சொல்ல மாட்டேன், ஆனால் கைக்குட்டை வைத்துக்கொள்.

பையில் இருக்கும் இன்னொன்று 'சயாம் மரண ரயில்', மலேசியாக்காரர் சண்முகம் எழுதியது. இது கீழ் வீட்டுப் பெரியவருடையது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். என்னைப் பார்த்த முதல் நாள், "பசியாறியாச்சா தம்பி?" என்றார். சாப்பிட்டாயிற்றா என்று இங்கே கேட்பது அப்படித்தான். நான் முழித்ததைப் பார்த்து ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். அவருடைய பெரியப்பாவை ஜப்பான் காலத்தில் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர், காட்டுக்குள்ளே, 1942-43-ல் போட்டு முடித்திருக்கிறார்கள். காலராவிலும் மலேரியாவிலும் செத்த தோட்டத் தமிழர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. புத்தகத்தைக் கொடுக்கும்போது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையைத் துடைத்துக் கொடுத்தார்.

வாங்க வேண்டியதில் 'எரியும் பனிக்காடு' கட்டாயம். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் இங்கிலீஷில் எழுதியது. தமிழில் இரா. முருகவேள். ஆள் பிடிக்கிற ஒரு மேஸ்திரி முன்பணம் கொடுத்து, ஆசை காட்டி, கருப்பனையும் வள்ளியையும் மலைக்குக் கூட்டிப்போவான். அந்த இடம் வந்ததும் எனக்கு என் ஏஜென்ட் முகம்தான் தெரிந்தது. அறைக்கு இரண்டு பேர் என்றான், எட்டுப் பேர் இருக்கிறோம். கடன் இந்தத் தை மாதத்தோடு அடைந்துவிடும், கவலைப்படாதே. அம்மாவிடம் எட்டுப் பேர் கதையைச் சொல்லாதே.

பாமாவின் 'கருக்கு' சின்னப் புத்தகம், ஒரே ராத்திரியில் முடித்துவிடுவாய். கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்தபின் எழுதிய தன் கதை, 1992-ல் வந்தது. பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரியே இருக்கும்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' மட்டும் அவசரமில்லை. 122 அத்தியாயம். 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது, முடிவதற்குள் 1942-ல் அவர் போய்விட்டார். நீயும் அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் ஒவ்வொரு அத்தியாயமாகப் படி. கும்பகோணத்தில் 1880-ல், அங்கே முன்சீப் நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியார் என்ன படித்தீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்குவார். அந்த மனுசன் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. பிறகு சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், அதற்கப்புறம் இவர் வாழ்க்கையே வேறு. வாத்தியார் வேலைக்கான டெட் பரீட்சைக்கு இந்தப் பெயர்களையெல்லாம் உருப்போட்டு நீ திட்டினாயே, அந்தக் கோபம் இங்கே கொஞ்சம் தணியும்.

சயாம் புத்தகத்தை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதே. பையன் ஒரு மாசத்தில் திரும்புவான், அவனிடமே கொடுத்தனுப்பு, பெரியவர் கேட்பார். மச்சானைக் கேட்டதாகச் சொல். அப்புறம் ஒரு வேலை: சந்தைக்குப் போகிற அன்றைக்கு சிங்கம்புணரி லைப்ரரிக்கு ஒரு எட்டு போய், சிங்காரம் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு எனக்கு போன் பண்ணு.

உன் அன்புத் தம்பி