அந்த மில் கண்டன்சர் பெட்டி

அம்மணி,

நீ போனில் கேட்ட பெட்டியை, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள் இருக்கிறதே, அதை நேற்றுப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். மில்லை மூடினபோது ஸ்டோர் ஏலத்தில் எடுத்தது, பாதிக்கு மேல் பிரிக்காத சரக்கு. மோட்டார் சாமானைப் பாட்டுப் பெட்டியில் போடலாமா என்று கேட்டாய். 440 வோல்ட் ஏசி என்று அச்சடித்த அந்த அலுமினிய டப்பாக்களுக்குள் இருப்பது பாலிபுரோப்பிலீன் பிலிம், அதாவது உலோகம் பூசின பிளாஸ்டிக் தாள் சுருள், ஆடியோ என்று பெயர் போட்டு விலை ஏற்றி விற்பதிலும் அதேதான். தாராளமாகப் போடு.

உன் வால்வு ஆம்ப்பில், அதுதான் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயரில், 300 வோல்ட் டிசி லைனில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக், அதாவது உள்ளே ஈரம் உள்ள வகைக் கண்டன்சர், வருஷம் போகப் போகக் காய்ந்துபோகும். அந்த இடத்தில் இந்தப் பிலிமைப் போடு. பிலிமில் காய்வதற்கு ஒன்றும் இல்லை. மைக்ரோபாரட் என்பது கண்டன்சரின் கொள்ளளவு, 40 மைக்ரோபாரட் ஒன்று செம்பு அளவு இடம் பிடிக்கும், அதற்கேற்ற சேசிஸாக, அதாவது அடித்தட்டாகச் செய்துகொள். டப்பாவின் தலைக்கு மேல் அரை அங்குலமாவது விடு, உள்ளே பழுதாகி அழுத்தம் ஏறினால் மூடி உப்பி இணைப்பைத் துண்டிக்கிற மாதிரி செய்திருப்பார்கள், அதை இறுக்கி அடைத்தால் அந்தப் பாதுகாப்பே போயிற்று.

ட்வீட்டருக்கு, கீச்சு ஓசைக்கான சின்ன ஸ்பீக்கருக்கு, சீலிங் பேன் கண்டன்சரே போதும். 2.5 மைக்ரோபாரட்டும் 4-ம் பக்கவாட்டில் (பேரலலில்) சேர்த்தால் 6.5, எட்டு ஓம் ட்வீட்டருக்கு 3000 ஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மேல் உள்ள ஓசையை மட்டும் பிரித்து அனுப்பும். கழற்றின பழசு மட்டும் வேண்டாம். பிலிமில் ஓட்டை விழும்போதெல்லாம் அந்த இடத்து உலோகப் பூச்சு எரிந்து தானே ஆறிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மைக்ரோபாரட் குறையும். நம் வீட்டு பேன் மெதுவானதும் நான் கண்டன்சர் மாற்றுவேனே, அதுதான்.

80-100 என்று இரண்டு எண் போட்ட கருப்பு டப்பா மோட்டார் ஸ்டார்ட் வகை, எலக்ட்ரோலிட்டிக், சில நொடி வேலைக்கு மட்டும். அதை எடுத்துவிட்டேன். லேபிள் போன பழைய எண்ணெய் டப்பாக்களையும் அனுப்பமாட்டேன். பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம், அமெரிக்காவில் 1979-லேயே அதன் உற்பத்தியைத் தடை செய்துவிட்டார்கள்.

இன்னொன்று, கண்ணு. மில்லில் ஒரு தடவை பேனலை ஆப் செய்து பத்து நிமிஷம் கழித்துத்தான் கை வைத்தேன், தூக்கி எறிந்தது. எலக்ட்ரோலிட்டிக்கோ பிலிமோ, சார்ஜ் நிற்கும். டெர்மினலுக்குக் குறுக்கே சார்ஜ் வடிய நிரந்தரமாக ஒரு ரெசிஸ்டர் போடு. அதையும் நம்பாமல், இரண்டு பழைய குண்டு பல்பை (எல்இடி இல்லை) சீரிஸில் கட்டி டிஸ்சார்ஜ் செய், மீட்டரில் பூஜ்யம் பார், அப்புறம் கை வை. ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாதே.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக அளந்து, அளவை டப்பாவின் தலையில் எழுதி பார்சல் போடுகிறேன். இரண்டு பல்பும் ஹோல்டரும் ஒயர் கட்டியே வைக்கிறேன்.

அப்பா