விளாடிமிர் கிளிட்ச்கோவைக் ‘கொட்டாவி’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய செய்தியாளருக்கு,

வணக்கம். உக்ரைனின் முன்னாள் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோவைப் பற்றி நீங்கள் எழுதியதை வரி விடாமல் படித்தேன். பார்க்கச் சகிக்காத ஆட்டம், ஒரு குத்து விட்டு உடனே கட்டிப்பிடிக்கிற ஆசாமி, பயந்தாங்கொள்ளி. சுருக்கமாக இந்த மூன்றும்தான் உங்கள் குற்றச்சாட்டு. முதலாவது அவரவர் ரசனை, அதில் நான் தலையிடவில்லை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது தப்பு, அதனால்தான் இந்தக் கடிதம்.

பயந்தாங்கொள்ளி என்றால் எந்தக் கிளிட்ச்கோ? 2004 வரை அவர் நீங்கள் விரும்புகிற மாதிரியேதான் ஆடினார். முன்னால் போவார், இரண்டு கையாலும் வெளுப்பார், எதிராளி விழும்வரை நிறுத்தமாட்டார். அதற்குக் கிடைத்த பலனையும் பாருங்கள். 1998-ல் தன் நாட்டுத் தலைநகர் கீவில் ராஸ் பியூரிட்டியை அடித்து அடித்தே களைத்துப்போய் 11-வது சுற்றில் தோற்றார். 2003-ல் ஹானோவரில் இடது கைக்காரர் கோரி சாண்டர்ஸ் இரண்டே சுற்றில் நான்கு முறை கீழே தள்ளினார். 2004 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் லேமன் பிரூஸ்டரை 4-வது சுற்றில் விழவைத்தவர், 5-வது முடிவதற்குள் தானே கால் துவண்டு நின்றார். மூன்று தோல்வியிலும் இரண்டே கோளாறுதான்: முகவாய் அடி தாங்காது, மூச்சு கடைசிவரை தாக்குப்பிடிக்காது. முகவாயைப் பயிற்சியால் மாற்ற முடியாது. அதில் அடி விழாமல் பார்த்துக்கொள்ளலாம், மூச்சை மிச்சம் பிடிக்கலாம். நீங்கள் ‘சலிப்பு’ என்று சொல்கிற பாணி முழுவதும் இந்த இரண்டு வேலைக்காகச் செய்த பழுதுபார்ப்பு.

பழுதுபார்த்தவர் டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் எமானுவல் ஸ்டீவர்ட். உயரமான, வலது கையில் இடி வைத்திருக்கிற, ஆனால் ஒரே அடியில் சாய்ந்துபோன ஆட்களை நிமிர்த்துவதில் அவருக்குப் பழக்கம் உண்டு. 1994-ல் பிரிட்டன் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸை ஆலிவர் மெக்கால் வீழ்த்தியபோது மெக்காலின் மூலையில் பயிற்சியாளராக நின்றவர் ஸ்டீவர்ட். பிறகு லூயிஸே அவரைத் தேடி வந்து சேர்ந்தார். கிளிட்ச்கோவுக்கும் அதே வைத்தியம்தான். உயரமானவன் உயரமாகவே நின்று ஆட வேண்டும்.

இனி அந்த ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். உயரம் 198 செ.மீ., கை விரிப்பு 206 செ.மீ. இடது கையைப் பாதி நீட்டி, எதிராளி முன்னால் நீட்டும் கையின் கிளவுஸ் மேல் வைத்தபடியே இருப்பார். அது குத்து இல்லை. அளவுகோல், கதவுத் தாழ்ப்பாள், கண்ணுக்கு முன்னால் திரை, மூன்றும். எதிராளி ஜாப், அதாவது முன்னால் நீட்டிய கையால் சட்டென்று விடும் நேர்க்குத்து, விடப் பார்த்தால் கிளவுஸைத் தட்டிவிடுவார். அவன் ஒரு அடி முன்னால் வைத்தால் இவர் பின்காலை அரை அடி நழுவவிட்டுப் பின்வாங்குவார். ஓரடியில் எட்டியிருக்க வேண்டிய தூரத்துக்கு இப்போது இரண்டடி தேவை. இரண்டாவது அடிக்குக் கால் தூக்கும் நேரத்தில் ஜாப் வந்து விழும். சமநிலை இல்லாத நேரத்தில் விழுவதால் அது வெறும் ஜாப்பாக இருக்காது. அதற்குப் பின்னால் வலது நேர்க்குத்து. அதைவிடக் கெட்டிக்காரத்தனம், நீட்டிய இடது கையைத் திரும்ப இழுக்காமல் அங்கிருந்தே ஹூக்காக, அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்தாக, திருப்புவது. 2007-ல் ரே ஆஸ்டின் 2-வது சுற்றிலும் 2014-ல் குப்ராத் புலேவ் 5-வது சுற்றிலும் படுத்தது இடது ஹூக்கில்தான். 64 வெற்றியில் 53 நாக்அவுட் என்ற கணக்கு உங்கள் கட்டுரையில் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா?

சரி, கட்டிப்பிடிப்புக்கு வருவோம். குள்ளமானவன் ஜாப்புக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டால் ஆபத்து இவருக்குத்தான். அந்த நேரத்தில் ஒரு கை அவன் பிடரிக்கு மேல் விழும், இன்னொரு கை அவன் கையை அக்குளில் அடக்கும், பிறகு 110 கிலோவை ஒட்டிய உடம்பை அப்படியே சாய்ப்பார். குனிந்த நிலையில் அந்தப் பாரத்தைத் தாங்குவது அவன் இடுப்பும் தொடையும். எட்டாவது சுற்றில் அவன் கால் எழாததற்கு அடி காரணமல்ல, இந்தச் சுமை. நடுவர் வந்து பிரித்துவிட்டதும் இருவரும் எட்ட நிற்பார்கள். எட்ட நிற்கும் தூரம் யாருடைய தூரம்? நீண்ட கைக்காரனுடையது. அவன் பாடுபட்டு உள்ளே வந்ததெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் ‘ஓய்வு’ என்று எழுதிய இடத்தில் நடப்பது இதுதான்.

2008 பிப்ரவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சுல்தான் இப்ராகிமோவுடன் நடந்த சண்டையைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறீர்கள். அரங்கமே ஊளையிட்டது, மறுக்கவில்லை. பன்னிரண்டு சுற்றும் இவர் இடது கை இப்ராகிமோவின் வலது கையைத் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்கும் அது ரசிக்கவில்லை. ஆனால் இப்ராகிமோவ் இடது கைக்காரர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு இடது கைக்காரர் இவரை நான்கு முறை தள்ளியிருக்கிறார். இருவரின் முன்காலும் எதிரெதிரே இடிக்கிற நிற்பில் எதிராளியின் முன்னால் நீட்டிய கையை அடக்காமல் வலது கையை விட்டால், திரும்ப வருவது நேர் இடது குத்து. சாண்டர்ஸ் கற்றுக்கொடுத்த பாடம் அது. மறு ஆண்டு கெல்சென்கிர்சனில் 60,000 பேருக்கு மேல் பார்த்த சண்டையில் இன்னொரு இடது கைக்காரர் ருஸ்லான் சகாயேவை ஒன்பதாவது சுற்றுக்குப் பின் எழவிடாமல் செய்தார். அதே கை, அதே முறை.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிற இடம் மாஸ்கோ. 2013 அக்டோபர் 5, எதிராளி ரஷ்யாவின் அலெக்சாண்டர் பொவெட்கின். 10 செ.மீ. குள்ளமான ஆளைப் பிடரியில் அமுக்கியே பன்னிரண்டு சுற்றை ஓட்டினார். பிடிப்பது, கழுத்தில் சாய்வது, தலையை அழுத்துவது எல்லாம் விதிப்படி ஃபவுல். எச்சரிக்கை, பிறகும் தொடர்ந்தால் பாயின்ட் வெட்டு. நடுவர் லூயிஸ் பாபோன் வெட்டியது ஒரே பாயின்ட், அதுவும் 11-வது சுற்றில். மூன்று ஜட்ஜுகளும் கொடுத்த 119–104-ஐப் பிரித்தால் கதை தெரியும். சுற்றை வென்றவனுக்கு 10, தோற்றவனுக்கு 9 என்பதால் பன்னிரண்டு சுற்றும் தோற்றவனுக்கு 108. இரண்டாவது சுற்றில் ஒருமுறை, ஏழாவதில் மூன்று முறை விழுந்ததற்கு நான்கு போனால் 104. இந்தப் பக்கம் 120-ல் ஒன்று குறைந்து 119. அத்தனை பிடிக்கும் அந்த ஒன்றுதான் விலை. மூன்றாவது சுற்றிலேயே ஒன்று, ஐந்தாவதில் ஒன்று வெட்டியிருந்தால் அவர் கையை எடுத்திருப்பார். விலை இல்லாத பொருளை யார் எடுக்காமல் விடுவார்? அன்று கிளிட்ச்கோவைத் திட்டியவர்கள் நடுவரையும் அதே அளவு திட்டியிருக்க வேண்டும். 2015-ல் நியூயார்க்கில் பிரையன்ட் ஜென்னிங்ஸுடன் மோதியபோதும் பிடித்ததற்கான வெட்டு வந்தது 10-வது சுற்றில்.

பிரிட்டன் வீரர் டேவிட் ஹேயையும் அப்படியே அமுக்கினார் என்பதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். 2011-ல் ஹாம்பர்க்கில் கிளிட்ச்கோ மேலே சாய்வதற்கு முன்பே ஹேய் தரையில் விழுந்து விழுந்து எழுந்தார். அவர் விழுந்ததற்காக ஏழாவது சுற்றில் கிளிட்ச்கோவிடம் ஒரு பாயின்ட் போனது. பொறுமை இழந்த நடுவர் 11-வதில் அதையே நாக்டவுனாக, அதாவது அடிபட்டு விழுந்ததாக, எண்ணினார். தோற்றபின் அடிபட்ட கால்விரல்தான் காரணம் என்று காட்டியவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த முறை எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிராளி உயரமாக இருந்து, உள்ளே வராமலும் இருந்தால் உடையும். 206 செ.மீ. உயர டைசன் ஃப்யூரி 2015 நவம்பரில் டுசல்டார்ஃபில் குனியவே இல்லை. தோளை ஆட்டி ஏமாற்றிக்கொண்டு எட்டவே நின்றார். அளவுகோல் எட்டவில்லை, சாய்வதற்குப் பிடரி இல்லை. பன்னிரண்டு சுற்றில் கிளிட்ச்கோவின் குத்தில் பட்டது 52 என்று எண்ணினார்கள், சுற்றுக்கு நாலரைகூட இல்லை. சாம்பியனாக ஒன்பதரை வருட ஆட்சி அன்று முடிந்தது. அதைச் சலிப்பு என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

2017 ஏப்ரல் 29-ல் வெம்ப்ளியில் 90,000 பேர் முன்னால், 41 வயதில், ஆன்டனி ஜோஷுவாவோடு மோதினார். ஐந்தில் விழுந்தார், ஆறில் விழவைத்தார், பதினொன்றில் இரண்டு முறை விழுந்து தோற்றார். அடுத்த நாள் அதுவரை திட்டிய பேனாக்கள் எல்லாம் பூத்தூவின, உங்களுடையதும்தான். அந்த 11-வது சுற்றை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். ஜோஷுவா கீழிருந்து மேலே விட்ட அப்பர்கட் குத்து முகவாயைத் தூக்கிய அந்த நொடியில் மாஸ்கோவின் கிளிட்ச்கோ ஜோஷுவாவின் பிடரியில் கை போட்டுச் சாய்ந்திருப்பார். வெம்ப்ளியில் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்