தருமபுரி சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் பஸ்ஸும் மொரப்பூர் ரயில் பாதைக்கு நிலமும் வேண்டி மனு

அனுப்புநர்:
பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள்,
பீன்யா, பெங்களூரு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தருமபுரி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் பீன்யாவில் லேத், சிஎன்சி, மோல்டிங் வேலை பார்ப்பவர்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் சேட்டிலைட் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறோம், திங்கள் விடிவதற்குள் திரும்பி வருகிறோம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடுகிறது. ஊர்ப்பக்கம் வேலை கிடைத்தால் இங்கே ஒரு நாளும் இருக்க மாட்டோம்.

1965இல் தருமபுரி மாவட்டம் உருவானபோது ஓசூரும் அதில்தான் இருந்தது. அங்கே சிப்காட் வந்தது, அசோக் லேலண்டும் டைட்டனும் வந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் ஓசூர் அந்தப் பக்கம் போய்விட்டது. நம் பக்கம் மானாவாரிக் காடும் பாலக்கோடு தக்காளி மண்டியும் நின்றன. ஓசூருக்குப் போகும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் தருமபுரிக்கும் வருகிறது. இப்போது தடங்கம், அதகபாடி பக்கம் சிப்காட்டும் வருகிறது. சரி, அதற்கு ஆட்கள் எப்படிப் போய்ச் சேர்வது?

எங்களில் ஒருவர் ஊருக்கே திரும்பிப் போய் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இரண்டாம் ஷிஃப்ட் இரவு பத்தரைக்கு விடும். அந்நேரத்துக்கு ஊருக்கு பஸ் கிடையாது. ஆறு மாதம் பைக்கிலேயே போய் வந்தவர், மழைக்காலம் வந்ததும் மறுபடி பீன்யாவுக்கே வந்துவிட்டார். ஆம்பளைக்கே இந்த நிலை என்றால், எங்கள் தங்கச்சிகளை எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அதனால் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மூன்று ஷிஃப்டுக்கும் பஸ் விட ஏற்பாடு செய்யுங்கள். கேட் திறக்கும் முன்பே பஸ் ஓட வேண்டும்.

அடுத்தது ரயில். பெங்களூரு–சேலம் பாதையில் தருமபுரி இருக்கிறது, சென்னை–சேலம் பாதையில் மொரப்பூர் இருக்கிறது. இடையில் 36 கிலோமீட்டர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே சிறுபாதை ரயில் ஓடியது. புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அது இல்லாதவரை, தருமபுரியிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ரயிலில் போகும் சரக்கு சேலத்தையோ பெங்களூரையோ சுற்றித்தான் போக வேண்டும். பாதைக்கான நில எடுப்பு வேலையைத் தாங்கள் நேரில் பார்த்து விரைவுபடுத்த வேண்டும்.

சிப்காட்டுக்கு இன்னும் நிலம் எடுப்பதாக இருந்தால் தரிசையும் புறம்போக்கையும் முதலில் எடுங்கள், கிணற்றுப் பாசனக் காட்டை விட்டுவிடுங்கள். அப்படியும் பட்டா நிலம் தேவைப்பட்டால், கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்பதைக் கம்பெனிக்குக் கொடுக்கும் ஒதுக்கீட்டு உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். வாட்ச்மேன் வேலையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேலை தெரிந்த ஆள் தருமபுரியில் கிடைக்காது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால், எங்களைக் காட்டுங்கள். ஊர் திரும்பத் தயாராக இருப்பவர்களின் பெயர், தொழில், எத்தனை வருட அனுபவம் என்ற விவரங்களை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டியலில் கையொப்பமிட்டுள்ளோர்