கிலுகிலுக்கிற டிஸ்க்குக்கு வெல்டிங் வைக்காதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கட பேப்பரில ஏ9 வீதி விபத்துகளைப் பற்றி அண்மையில வந்த பக்கத்தை முழுக்க வாசிச்சன். வேகம், ஹெல்மெட், இரவில ரோட்டில படுத்திருக்கிற மாடுகள், குடிச்சிட்டு ஓடுறது எல்லாம் வந்திருந்தது, எல்லாம் சரிதான், ஆனா பிரேக்கைப் பற்றி ஒரு வரி கூட இல்ல. இருட்டுக்குள்ள மாட்டைக் கண்ட உடன ஓடுறவனுக்கு மிச்சம் இருக்கிறது பிரேக் மட்டும்தானே. அதால எங்கட வன்னி கராஜ்களில இப்ப நடக்கிற ஒரு வேலையைப் பற்றி எழுதவேணும் எண்டு யோசிச்சன்.

விசயம் இதுதான். இப்ப பொடியள் தங்கட பைக்குக்கு புளோட்டிங் டிஸ்க், அதாவது ரெண்டு துண்டாச் செய்து கொஞ்சம் அசைய விட்ட பிரேக் தட்டு, எடுத்துப் பூட்டினம், வெளிநாட்டில இருக்கிற மாமா சித்தப்பாமார் அனுப்பினம், இல்லாட்டி ஒன்லைனில எடுக்கினம். பூட்டி ரெண்டு கிழமை ஓடினா பள்ளத்தில விழுந்து எழும்பேக்க முன் சில்லுப் பக்கம் கிலுக் கிலுக் எண்டு சத்தம் வரும். உடன கராஜுக்குக் கொண்டு போவினம், அங்க டிஸ்க்கைக் கையால ஆட்டிப் பாத்திட்டு "தம்பி இது லூஸ்" எண்டு சொல்லி அந்த ரெண்டு துண்டையும் இணைக்கிற பொபின் எண்ட சின்ன உருளை ஒவ்வொண்டிலயும் ஒரு பொட்டு வெல்டிங் வைச்சு விடுவினம், இல்லாட்டி சுத்தியலால பொபினின்ர விளிம்பை அடிச்சு இறுக்குவினம். சத்தம் நிண்டிடும். பொடியனுக்கும் சந்தோசம், காசும் கனக்க இல்ல. ஆனா அந்த டிஸ்க் அண்டோட செத்துப் போச்சு. பரந்தன் முல்லைத்தீவு றோட்டால வாற ஒரு பொடியனின்ர பைக் இப்படி வெல்டிங் வைச்சபடி என்னட்ட வந்தது, லீவரைப் பிடிச்சா விரல் முழுக்க நடுங்குது, சில்லைத் தூக்கிச் சுத்தினா ஒரு இடத்தில பேட்டில, அதாவது டிஸ்க்கை ரெண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற பிரேக் கட்டையில, உரசி உரசி நிக்குது. நல்ல காலம், ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்ல.

நான் கனகாலம் இத்தாலியில பலெர்மோவில இருந்தனான். எங்கட சனம் அங்க கனபேர், கூடுதலா வீட்டு வேலை, ரெஸ்ரோரன்ட் வேலை, எனக்கு வாய்ச்சது ஒரு மோட்டச்சைக்கிள் கராஜ். பழைய மோட்டோ குஸி, டுக்காட்டி, லவெர்டா எண்ட இத்தாலி பைக்குகள் எல்லாம் அங்க வரும், அதுகளின்ர பிரேக்கைக் கழட்டிக் கழுவிப் பூட்டித்தான் நான் இந்த வேலையைப் படிச்சன். அதால இது ஆரோ சொன்ன கதையில்ல, கையால தொட்ட விசயம்.

இத்தாலிக்காரர் ரெண்டு சில்லு வண்டிக்கு டிஸ்க் பிரேக் போடுறதில முந்தின ஆக்கள். 1962இலயே லம்பிரெட்டா டிவி 175 ஸ்கூட்டருக்கு முன்னால டிஸ்க் பூட்டி வித்தவை, அது கேபிளால இழுக்கிற டிஸ்க். பிறகு பெர்காமோ பக்கம் 1961இல தொடங்கின பிரெம்போ கம்பனி, 1972இல மோட்டோ குஸிக்கு பிரேக் செய்யத் தொடங்கினது. அந்த 70கள் டிஸ்க் எல்லாம் வார்ப்பிரும்பு. 1976இல வந்த குஸி லெ மான்ஸுக்கு முன்னால 300 மில்லிமீட்டரில ரெண்டு வார்ப்பிரும்பு டிஸ்க், அதில கால் பெடலை மிதிச்சா பின் பிரேக்கும் முன்னால ஒரு டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும், கை லீவர் மற்ற முன் டிஸ்க்கை மட்டும் பிடிக்கும். அந்தக் காலத்தில ஜப்பான் பைக்குகளுக்கு ஸ்ரெயின்லெஸ் டிஸ்க், பளபளப்பு, கறள் பிடிக்காது, ஆனா மழையில பிரேக் பிடிக்கப் பிந்தும். வார்ப்பிரும்பு ஒரு இரவு ஈரத்தில நிண்டாலே செம்மஞ்சளாக் கறள் பிடிக்கும், பாக்க வடிவில்ல, ஆனா மழையிலயும் உடன பிடிக்கும், விடியக்காலமை ரெண்டு தரம் பிரேக்கைப் பிடிச்சா அந்தக் கறளும் போயிடும். நான் எப்பவும் வார்ப்பிரும்பின்ர பக்கம்தான்.

ஆனா இரும்பு சூடேறினா பெருக்கும். இதை வன்னியில ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல, மாட்டு வண்டில் சில்லுக்கு இரும்பு வளையம் போடுறதைப் பாத்த ஆக்கள் இஞ்ச இன்னும் இருக்கினம், வளையத்தை நெருப்பில காய்ச்சி, பெருத்த உடன மரச்சில்லில இறக்கி, தண்ணி ஊத்தி இறுக்கிறது. டிஸ்க்கிலயும் அதே இரும்பு, அதே சூடுதான். 300 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு டிஸ்க் 300 பாகை சூடேறினா குறுக்களவில கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் கூடும். வெளிப்பக்கம் பேட் உரசிக் கொதிக்குது, நடுப்பக்கம் சில்லோட போல்ட்டில குளிர்ந்துபோய் இருக்குது, வெளிப்பக்கம் பெருக்கப் பாக்கும், நடு விடாது, அப்ப அது என்ன செய்யும், ஒரு பக்கமா வளைஞ்சு கூம்பு மாதிரி வரும், கொஞ்சக் காலம் இப்படிச் சூடேறி ஆறினா அந்த வளைவு நிரந்தரமா நிண்டிடும்.

அதாலதான் டிஸ்க்கை ரெண்டு துண்டாச் செய்தவை. பேட் பிடிக்கிற வெளி வளையம் வேற, சில்லில போல்ட் போடுற நடுத்துண்டு வேற, அது அலுமினியம். ரெண்டுக்கும் இடையில பொபின் எண்ட சின்னச் சின்ன உருளைகள், அதோட ஒரு வோஷர், ஒரு கிளிப். வளையம் சூடேறினா பொபின் இடைவெளிக்குள்ள சுத்திவர ஒரே அளவா வெளியால பெருக்கும், ஆறினா திரும்ப வரும், டிஸ்க் வளைஞ்சு போகத் தேவையில்ல. சூடும் சில்லுப் பக்கம் கனக்கப் போகாது. ஸ்பிரிங் வோஷர் போட்டு இறுக்கமா வைச்சா அது செமி புளோட்டிங், சத்தம் குறைவு, ஸ்பிரிங் இல்லாட்டி முழு புளோட்டிங், அது நல்லாச் சத்தம் போடும். டுக்காட்டிக்காரருக்கு அந்தச் சத்தம் கேக்காட்டித்தான் பயம். 1994இல வந்த டுக்காட்டி 916க்கு முன்னால 320 மில்லிமீட்டர் புளோட்டிங் டிஸ்க் ரெண்டு, அதை ஆரும் லூஸ் எண்டு சொல்லி வெல்டிங் வைக்கிறேல்ல.

இன்னொரு காரணமும் இருக்கு, எங்கட பைக்குகளுக்கும் பொருந்துறதால அதைத்தான் நான் முக்கியமாச் சொல்லவேணும். கலிப்பர் எண்டது பேட்டையும் அதைத் தள்ளுற பிஸ்டனையும் வைச்சிருக்கிற கூடு. பழைய பிரெம்போ கலிப்பர் அசையாது, அதை முன் சில்லைப் பிடிக்கிற ஃபோர்க்கில போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், பிஸ்டன் ரெண்டு பக்கமும் இருந்து தள்ளும். டிஸ்க் ஒரு மயிரளவு ஒரு பக்கம் தள்ளி நிண்டாலும் கலிப்பர் நகராது, அப்ப டிஸ்க்தான் நகர்ந்து நடுவுக்கு வரவேணும். எங்கட பஜாஜ் பல்சர், யமஹா எஃப்இசட் மாதிரிப் பைக்குகளில இது தலைகீழ், டிஸ்க் ஒரே துண்டு, ஆடாது, பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும், அதால கலிப்பர்தான் ரெண்டு பின்னில வழுக்கி நகர்ந்து மற்றப் பக்கப் பேட்டை இழுத்து வரும். ரெண்டில ஒண்டு நகரத்தான் வேணும். நகரவேண்டியதை நீங்கள் வெல்டிங்கால நிப்பாட்டினாலும் ஒண்டுதான், கிறவல் றோட்டுப் புழுதியும் வயல் சேறும் நிப்பாட்டினாலும் ஒண்டுதான். எனக்கு வாற பைக்குகளில கனக்க இந்தக் கலிப்பர் பின் இறுகினதுதான், ரப்பர் கிழிஞ்சு புழுதி உள்ள போய், கிறீஸ் காய்ஞ்சு கல்லாப் போயிருக்கும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ஞ்சு இரும்பு தெரியும், மற்றப் பக்கம் புதுசு மாதிரி இருக்கும், ஓடுறவர் பிரேக் நல்லாத்தான் இருக்கு எண்டு சொல்லுவார்.

புளோட்டிங் டிஸ்க்கிலயும் அதே புழுதி பொபினுக்குள்ள போய் இறுகும். அதுக்கு ஒயில் அடிக்காதேங்கோ, டபிள்யூடி 40 கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, அது வளையத்தில பட்டுப் பேட்டுக்குப் போனா பிரேக்கே இல்ல. பிரேக் கிளீனர் அடிச்சு, பொபின் ஓட்டைக்குள்ளால ஒரு போல்ட்டை விட்டு ரெண்டு பக்கமும் வோஷர் வைச்சு நட்டை இறுக்கி, ஸ்பனரால மெதுவா அங்காலயும் இஞ்சாலயும் சுத்தினா கறளும் புழுதியும் கொட்டிப் பொபின் விடுபடும், ஒவ்வொண்டா எல்லாத்தையும் செய்யவேணும். பொபின் தேய்ஞ்சு தட்டையாப் போயிருந்தாலோ, முன் பிரேக்கைப் பிடிச்சபடி பைக்கை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளேக்க டிஸ்க்கில டொக் டொக் எண்டு பெரிசா இடிச்சாலோ பொபினை மாத்துங்கோ, அது தனியா எடுக்கலாம். மேலோட்டமாக் கிலுக்கினா விடுங்கோ. வார்ப்பிரும்பு டிஸ்க்கில வெல்டிங் வைக்கிறது இன்னும் கேடு, அந்தச் சூட்டில வெடிப்பு விழும், வெடிச்ச டிஸ்க் ஓடேக்க உடைஞ்சா சில்லு பூட்டிக்கொள்ளும். வார்ப்பிரும்புக்கு சின்டர்ட் பேட், அதாவது உலோகத் தூளை அழுத்திச் செய்த பேட்டும் போடாதேங்கோ, அது டிஸ்க்கைத் தின்னும், ஓர்கானிக் பேட்தான் சரி.

இதில ஏமாத்து வேலையும் ஒண்டு இருக்கு. கடையில விக்கிற கன டிஸ்க் பாக்க மட்டும்தான் புளோட்டிங், கலர் அடிச்ச பொபின் இருக்கும், ஆனா ரிவெட் அடிச்சு இறுக்கினது, துளியும் அசையாது. வாங்க முதல் கையில எடுத்து வளையத்தைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. டிஸ்க்கில MIN TH எண்டு இங்கிலிசில அடிச்சு ஒரு இலக்கம் இருக்கும், அதுதான் எவ்வளவு தேயும் மட்டும் பாவிக்கலாம் எண்ட அளவு. அந்த எழுத்தே இல்லாத டிஸ்க்கை நான் பூட்டமாட்டன்.

எங்கட கராஜ்காரரை நான் குறை சொல்ல வரேல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில இதே ஆக்கள்தான் பெற்றோல் இல்லாம மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓட வைச்சவை, இல்லாத சாமானைக் கடைஞ்சு செய்தவை, ஒட்டக்கூடியதை எல்லாம் ஒட்டி சனத்தை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவை. அந்தக் கைகளுக்கு நான் எப்பவும் மரியாதை குடுப்பன். லூஸா இருந்தா இறுக்கு, உடைஞ்சா ஒட்டு எண்டு பழகின கை அது, ட்ரம் பிரேக்குக்கும் பழைய ஹொண்டா எம்டி 90 மோட்டச்சைக்கிளுக்கும் அது சரியா இருந்தது. டிஸ்க் வேற சாமான், அதை ஆரும் இருத்திச் சொல்லிக் குடுக்கேல்ல, தமிழில வாசிக்க ஒரு துண்டுத் தாள் கூட இல்ல.

அதால ஆசிரியரிட்ட ரெண்டு விசயம் கேக்கிறன். சினிமாவுக்கும் ராசிபலனுக்கும் பக்கம் இருக்கு, கிழமைக்கு ஒரு அரைப் பக்கம் மோட்டச்சைக்கிள், உழவு மெசின், தண்ணி மோட்டர் பராமரிப்புக்கு ஒதுக்குங்கோ, படத்தோட போடுங்கோ, கராஜ் சுவரில வெட்டி ஒட்டுவினம். மற்றது, அறிவியல் நகரில இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் மாதிரி இடங்களில ஓட்டோமொபைல் படிப்பிக்கினம், நல்ல விசயம், ஆனா அது படிச்சு வாற பிள்ளையளுக்கு. கராஜில பத்துப் பதினைஞ்சு வருசமா நிக்கிறவை பகலில போய் வகுப்பில இருக்கமாட்டினம். அவைக்கு ஞாயிறு பின்னேரங்களில பிரேக் வேலைக்கு மட்டும் ஒரு குறுகின வகுப்பு வைக்கச் சொல்லி உங்கட பேப்பரில எழுதுங்கோ. அப்படி ஒண்டு நடந்தா காசு வேண்டாம், நான் வந்து கழட்டிக் காட்டுறன், என்னட்ட பலெர்மோவில இருந்து கொண்டு வந்த பழைய குஸி டிஸ்க்கும் கலிப்பரும் கிடக்கு, அந்த வெல்டிங் வைச்ச டிஸ்க்கையும் பொடியனிட்டக் கேட்டு வாங்கி வைச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
மோட்டச்சைக்கிள் கராஜ்காரர் ஒருவர்,
பரந்தன்.