கூப்பிடாமல் இருக்காதே

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உன் குழுவில் இருக்கும் மெக்கானிக், பழுது பார்க்கப் பைக்கில் போன இடத்தில் கார் மோதி, வலது கணுக்காலும் காறை எலும்பும் உடைந்து வீட்டில் படுத்திருக்கிறார். பத்து நாள் ஆகிவிட்டது. "பாவம், ஓய்வெடுக்கட்டும். நாம் போன் பண்ணினால் வேலைக்கு வரச்சொல்லி நெருக்குகிற மாதிரி ஆகிவிடும்" என்று நீ இன்னும் கூப்பிடவில்லை. நல்ல மனசோடுதான் சொல்கிறாய். ஆனால் படுத்திருப்பவருக்கு அது அப்படித் தெரியாதும்மா. லாரி ஓட்டிய காலத்தில் அடிபட்டு நானும் படுத்திருந்தவன்தானே.

உனக்கு அப்போது நாலு வயது. என் ஊன்றுகோலைக் குதிரையாக்கி வீடெல்லாம் ஓட்டியது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கலாம். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து முதல் போன் ஏழாவது வாரம் வந்தது. டீசல் கணக்கு நோட்டு என்னிடமா இருக்கிறது என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். அன்று ராத்திரி உன் அம்மாவிடம், என் வண்டிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். உண்மையில் அப்போது யாரையும் போட்டிருக்கவில்லை. ஆனால் யாரும் ஒரு வார்த்தை பேசாத இடத்தில் மனசு தானாகவே கதை கட்டும். அந்தக் கதையில் நாம் எப்போதும் வேண்டாதவர்கள்தான்.

பிற்பாடு அதே கம்பெனியில், அடிபட்ட டிரைவர்களைத் திரும்பக் கொண்டுவருகிற வேலையையே என்னிடம் கொடுத்தார்கள். அப்போது ஒரு பயிற்சியில் ஒரு தாள் கொடுத்தார்கள். கனடாவில் டொராண்டோவில் உள்ள 'இன்ஸ்டிட்யூட் ஃபார் ஒர்க் அண்ட் ஹெல்த்' என்ற ஆய்வு நிறுவனம், அடிபட்டவர்கள் வேலைக்குத் திரும்புவது பற்றி 2007ல் வெளியிட்ட ஏழு கொள்கைகள். அதில் ஒன்று, அடிபட்டவரை நிறுவனம் சீக்கிரமே, அக்கறையோடு தொடர்புகொள்ள வேண்டும் என்பது. சீக்கிரம் என்றால் முதல் வாரம், மிஞ்சிப்போனால் இரண்டாவது வாரம். உனக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

கூப்பிட்டு என்ன பேசுவது என்கிறாயா? எப்போது வருவீர்கள் என்று கேட்காதே. விபத்து எப்படி நடந்தது, யார் மேல் தப்பு என்றும் கேட்காதே. அதைக் கேட்கப் போலீஸும் காப்பீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள். வலி எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, லீவு, சம்பளம், காப்பீடு இதிலெல்லாம் எந்தக் காகிதம் நிற்கிறது என்று கேள். அந்தக் காகிதத்துக்காக ஆபீஸில் அவர் யாரிடம் பேச வேண்டும் என்று ஒரே ஒரு ஆளைக் காட்டிவிடு. ஐந்து பேரைக் காட்டினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அப்புறம், உங்கள் இடம் உங்களுக்காக இருக்கிறது என்று சொல். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல். மேலே கேட்டு உறுதி செய்துகொண்டு போனை எடு.

முழுசாகக் குணமாகி வரட்டுமே என்று உன் மேலதிகாரி சொல்கிறாராம். எலும்பு கூடுகிற விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் கணக்கு, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் கடைசித் துளி வலியும் போகிற வரை காத்திருப்பது வேறு. பின்னாலிருந்து வண்டி மோதி வருகிற கழுத்து வலிக்கு ஒரு காலத்தில் பட்டை மாட்டிப் படுக்க வைத்தார்கள். 1995ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு நிபுணர் குழு இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, பெரும்பாலானவர்களுக்குப் பட்டையும் ஓய்வும் வேண்டாம், வழக்கமான நடமாட்டத்துக்குச் சீக்கிரம் திரும்புவதே நல்லது என்றது. வேலையும் அந்த வழக்கமான நடமாட்டத்தில் ஒன்றுதானே.

இனி 'லைட் டூட்டி' விஷயம். டாக்டர் சீட்டில் அந்த இரண்டு வார்த்தை எழுதிக் கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் உங்கள் வேலை என்னவென்று டாக்டருக்குத் தெரியாது. என் பிசியோதெரபிஸ்ட் ஒரு நாள் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் மிதிப்பீர்கள்?" பதினோரு வருஷம் ஓட்டியவன், எனக்குத் தெரியவில்லை. என் கூட்டாளி அதே தடத்தில் ஓட்டியபோது கிளீனர் பையன் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் கோடு கிழித்துக்கொண்டே வந்தான். நெரிசலான முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் இருநூறைத் தாண்டியது. அன்றிலிருந்து என் பயிற்சியே மாறிவிட்டது. சும்மா காலை நீட்டி மடக்கியது போய், பெடல் உயரத்தில் ஒரு பலகை, அதன் கீழே ஸ்பிரிங், அதை மிதித்து மிதித்து விடுவது. கேபினுக்கு ஏறுகிற படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் அளந்து வரச் சொன்னார். நீயும் உன் மெக்கானிக்கின் ஒரு நாள் வேலையை அப்படி எழுது. ஏணி எத்தனை தடவை, தோளுக்கு மேலே கை தூக்கிச் செய்வது எது, பை எத்தனை கிலோ, மண்டியிட்டு எவ்வளவு நேரம். அதை அவர் கையில் கொடுத்து டாக்டரிடம் காட்டச் சொல். டாக்டர் எது முடியும், எது முடியாது என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் தருவார்.

அந்தப் பட்டியலில் மிஞ்சுவதை வைத்து ஒரு வேலை கண்டுபிடி. அது நிஜமான வேலையாக இருக்கட்டும். என்னை முதலில் கேட் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே வருகிற வண்டி எண்ணை நோட்டில் எழுத வேண்டும். ஒன்பதாம் நாள்தான் கவனித்தேன், இரண்டடி தள்ளி நின்ற வாட்ச்மேனும் அதே எண்களை எழுதிக்கொண்டிருந்தார். அவர் நோட்டு ஆபீஸுக்குப் போனது. என் நோட்டை யாரும் கேட்கவே இல்லை. கால் உடைந்த அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. நல்லவேளை, லோடு பிரித்து அனுப்புகிறவர் ஒரு நாள் வந்து, இந்தக் கிடங்கில் பெரிய வண்டி ரிவர்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, மதில் இடிக்கும் என்றேன். மறுநாள் காலை என் நாற்காலி அவர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது.

உன் ஆளுக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறது. புகார் வரும்போதே போனில் பேசி, வீடியோவில் பார்த்து, என்ன பழுது, எந்த உதிரிப்பாகம் என்று சொல்லிவிட்டால் வெளியே போகிறவர்கள் ஒரே நடையில் முடித்து வருவார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. இப்போது அவர் வேலையையும் சேர்த்து இழுக்கிற இரண்டு பையன்கள் இருக்கிறார்களே, அவர்களை யாராவது நினைத்தீர்களா? நான் சொன்ன அந்த ஏழு கொள்கைகளில் அதுவும் ஒன்று. திரும்புகிறவருக்கு உதவுவது கூட வேலை செய்கிறவர்களின் தலையில் விடியக்கூடாது. அவர் வந்ததால் அவர்கள் சுமை குறைந்தால், முணுமுணுப்பே வராது.

நேரத்தையும் ஒரேயடியாக எட்டு மணி என்று வைக்காதே. ஜெர்மனியில் இதற்கு 'ஹாம்பர்க் முறை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் நாளைக்குச் சில மணி நேரம், வாரங்கள் போகப்போகக் கூட்டிக்கொண்டே முழு வேலைக்கு. இடையில் முடியவில்லை என்றால் ஒரு படி இறங்கலாம். அந்த இறங்குகிற உரிமையை முதல் நாளே அவருக்குச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வலியை மறைப்பார். நான் மறைத்தேன்.

இன்னொன்று, எக்ஸ்ரேயில் தெரியாதது. கால் சரியான பிறகும் ஏர் பிரேக் சத்தம் கேட்டால் எனக்குக் கை வியர்க்கும். ஆம்பளைக்கு என்ன பயம் என்று சிரித்தவர்களும் உண்டு. அவர் ரோட்டைக் கடக்கத் தயங்கினாலோ, பைக்கை நினைத்தாலே பேச்சை மாற்றினாலோ, கெட்ட கனவு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, மனநல மருத்துவரிடம் போவதற்கு லீவு கொடு, காரணம் கேட்காதே. பைக்கை அவருக்குக் கடைசியாகக் கொடு. முதலில் வேறொருவர் ஓட்டுகிற வேனில் பக்கத்தில் உட்கார்ந்து போகட்டும்.

உன் ஆபீஸ் மாடியில்தானே? கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் இருந்ததாக ஞாபகம். அவருக்கு உடைந்தது எந்தப் பக்கத்துக் காறை எலும்பு என்று நீ எழுதவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு, நாளைக்கு ஏறும்போது படிகளை எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா