வகையீட்டுக்கு முதல் அட்சரகணிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு யாழ்ப்பாணத்து மதில்களில் உயர்தர வகுப்பு நோட்டீஸ்கள் ஏறிவிடுகின்றன. பெறுபேறு வருமுன்னரே வகையீடு, அதாவது ஒரு கணியம் மாறும் வீதத்தைக் காணும் நுண்கணிதப் பகுதி, முடித்துத் தரப்படும் என்ற வரிதான் பெற்றோரை இழுக்கிறது. இணைந்த கணிதம் எடுக்கப்போகும் பிள்ளைக்கு அந்த மாதங்களில் வேண்டியது அதுவல்ல.

வகையீட்டு விதிகளைக் கெட்டிக்காரப் பிள்ளை ஒரு கிழமையில் பிடித்துவிடும். இடறுவது வேறிடத்தில். ‘எக்ஸ் வர்க்கம் சய (கழித்தல்) மூன்று எக்ஸ்’ என்ற சார்பின் பெறுதியை, அதாவது அது மாறும் வீதத்தை, வரைவிலக்கணத்திலிருந்து காணச் சொல்லிப் பாருங்கள். எக்ஸுக்குப் பதிலாக ‘எக்ஸ் சக (கூட்டல்) எச்’ போட்டு விரிக்கும்வரை சரி. அப்புறம் பழைய சார்பைக் கழிக்கும்போது, முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விட்டுவிடுவார்கள். வெட்டுப்பட்டுப் போகவேண்டிய இடத்தில் சய ஆறு எக்ஸ் மிஞ்சி நிற்கும். அடுத்து எச்சால் வகுத்து, எச் பூச்சியத்தை நெருங்கும்போது வரும் எல்லையை எடுக்கவேண்டும்; மிஞ்சியதோ எச்சால் வகுபடாது. “எல்லை விளங்கவில்லை, சேர்” என்று கொப்பியோடு வந்து நிற்பார்கள். எல்லையில் ஒரு பிழையும் இல்லை. கீழ்வகுப்பில் படித்த அடைப்புக்குறிதான் பிழை.

‘எக்ஸ் வர்க்கம் சக ஒன்பது’ இன் வர்க்கமூலத்தை ‘எக்ஸ் சக மூன்று’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, சாதாரண தரத்தில் ஏ எடுத்தவர்கள் உட்பட. எக்ஸுக்கு 4 போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 7. பார்ப்பதற்குத்தான் பொறுமையில்லை.

திரிகோணகணிதத்தில் இன்னொரு சிக்கல். சாதாரண தரம் வரை கோணம் பாகையில்தான். சைனின் பெறுதி கோசைன் என்பதோ ஆரையன் என்ற கோண அலகில் மட்டுமே சரி; பாகையில் எடுத்தால் பையை (π) 180 ஆல் வகுத்த காரணி ஒட்டிக்கொண்டு வரும். இதைச் சொல்லாமலே சூத்திரத்தைப் பாடமாக்க விடுகிறோம்.

சுட்டி, பின்னம், காரணிப்படுத்தல், நேர்கோட்டின் படித்திறன், வரைபைப் பார்த்துச் சார்பின் போக்கைச் சொல்லுதல், இவ்வளவும் கை பழகியிருந்தால் நுண்கணிதத்துக்கு அவசரப்படத் தேவையில்லை.

ரியூசனுக்குக் காசு கட்டுமுன், முதல் மாதம் என்ன படிப்பிப்பீர்கள் என்று பெற்றோர் கேட்கவேண்டும். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்திலும், பெறுபேறு வரும்வரை வாரமொரு அட்சரகணிதப் பயிற்சியை விடையோடு வெளியிட்டால் ரியூசனுக்குப் போக வசதியற்ற தீவகத்துப் பிள்ளைகளுக்கும் உதவும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.