கேஷ் நிறைந்த பிறகு என்ன வேகம்? மலிவு விலை எஸ்.எஸ்.டி. நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மலிவு விலையில் எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் ஃபிளாஷ் சிப் டிரைவ்) தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து பிழைப்பவன் நான். வருடத்துக்கு ஐந்தாறு எஸ்.எஸ்.டி. வாங்குகிறேன். எழுத வருவதை முதலில் வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும் தற்காலிக இடம்தான் எஸ்.எல்.சி. கேஷ் என்று உங்களுக்கே பாடம் எடுக்க வரவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஓர் எண். கேஷ் நிறைந்த பிறகு உங்கள் டிரைவ் விநாடிக்கு எத்தனை எம்.பி. எழுதும்? அதைப் பெட்டியில் அச்சிடுங்கள்.

போன முகூர்த்தத்தில் நடந்தது இது. ரிசப்ஷன் முடிந்தபோது மணி பத்தரை. மூன்று கேமராவின் கார்டுகளையும் லேப்டாப்பில் இறக்கியாகிவிட்டது, மொத்தம் 300 ஜி.பி. ஹைலைட்ஸ் வெட்டும் தம்பி அதை வாங்கிக்கொண்டு பதினொன்றே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மறுநாள் சாயங்காலத்துக்குள் பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். 1 டி.பி. டிரைவ் ஒன்று கையில் இருந்தது. பெட்டியில் 500க்கு மேல் வேகம் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியது. ஏற்கெனவே இரண்டு கல்யாணம் அதில் இருந்ததால் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருந்தது.

காப்பி போட்டேன். விநாடிக்கு 430 எம்.பி. “12 நிமிடம்” என்றது விண்டோஸ். “அண்ணா, அதுக்குள்ள ஒரு டீ போட்டுட்டு வந்துடலாம்” என்றான் தம்பி. நல்லவேளை, போகவில்லை. மூன்றாவது நிமிடம் தாண்டியதும் அந்தப் பச்சை வரைபடம் மொட்டை மாடியிலிருந்து விழுந்த மாதிரி விழுந்தது. 60. நடுநடுவே 38. மீதி நேரம் குறைவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கியது: 25 நிமிடம், 40 நிமிடம், ஒரு மணி நேரம். கேபிள்தான் கோளாறு என்று நிறுத்தி, வேறு போர்ட்டில் செருகினோம். அங்கேயும் 60தான். பஸ் போய்விட்டது. தம்பி மண்டபத்து ஜமக்காளத்தில் சுருண்டு படுத்தான். அவனுக்குக் கொசுக்கடி, எனக்குத் தூக்கம் போச்சு. என்னிடம் உள்ள ஏழு வருடப் பழைய ஹார்டு டிஸ்க்கில் எழுதியிருந்தால் அரை மணி நேரம் முன்னாலேயே முடிந்திருக்கும்.

டிரைவ் பழுதாகவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். தரவைச் சேமிக்கும் சின்னஞ்சிறு அறையான ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் கியூ.எல்.சி. அது. காலியாக இருக்கும் செல்களில் ஒரு பிட் மட்டும் போட்டு, அதையே கேஷாகக் காட்டி வேகமாக எழுதுகிறீர்கள். காலி இடம் 300 ஜி.பி.யும் சொச்சமும் என்றால் கேஷாக அதிகபட்சம் அதில் கால்வாசி கிடைக்கும். அது தீர்ந்ததும் நான்கு பிட்டாக நேரடியாக எழுத வேண்டும், போதாததற்குக் கேஷில் கிடப்பதையும் மடித்து உள்ளே வைக்க வேண்டும். வாங்கிய அன்று காலி டிரைவில் நான் சோதித்தபோது எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. பலரும் ஓட்டிப் பார்க்கும் சோதனை மென்பொருள் வழக்கமாக 1 ஜி.பி.தான் எழுதும். கேஷின் வாசலைக்கூட அது தாண்டாது. முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று பாயசம் சாப்பிட்டவரிடம் போய்ச் சாப்பாடு எப்படி என்று கேட்பது போன்றது உங்கள் பெட்டியில் உள்ள எண். கடைசிப் பந்தியில் ரசத்தைத் தேடுகிறவன் நான்.

இது முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சாம்சங் தன் 870 கியூ.வி.ஓ. டிரைவின் விவரக் குறிப்பில் இதைப் போட்டது. 1 டி.பி. மாடலில் கேஷ் 42 ஜி.பி. வரை, அது தீர்ந்தால் விநாடிக்கு 80 எம்.பி. 2 டி.பி. மாடலில் 160. கேட்க நன்றாக இல்லைதான். ஆனாலும் படித்தவனுக்குத் தெரியும், தன் வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று.

எண் இல்லாததால் இன்னொரு வசதியும் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. 2021இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்.என்.550 டிரைவில் பெயரை மாற்றாமல் உள்ளே இருந்த ஃபிளாஷை மாற்றினார்கள். கேஷ் தாண்டிய வேகம் 610 எம்.பி.யிலிருந்து 390க்கு இறங்கியதைச் சோதனை செய்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இனி விவரக் குறிப்பு பாதிக்கப்பட்டால் புது மாடல் எண் தருவோம் என்று நிறுவனம் அப்புறம் சொன்னது. அதே வருடம் குருசியல் நிறுவனத்தின் பி2 டிரைவில் செல்லுக்கு மூன்று பிட் மட்டும் வைக்கும் டி.எல்.சி. போய் கியூ.எல்.சி. வந்தது, பெயர் அதேதான். கேஷ் தாண்டிய வேகம் விவரக் குறிப்பிலேயே இல்லாவிட்டால், அது குறைந்தாலும் “குறிப்பு பாதிக்கப்படவில்லை” என்று சொல்லிவிடலாமே! நல்ல ஏற்பாடு.

கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. சென்னை ரிச்சி தெருவில் நான்கைந்து கடை ஏறி இறங்கினேன். “கேஷ் இருக்குங்களா?” என்றால், “எல்லாத்துலயும் இருக்கு சார்” என்கிறார்கள். அவர்கள் சொல்வது டிரைவுக்குள் தனியாக இருக்கும் டி.ரேம் என்ற நினைவகச் சிப்பையா என்றுகூடத் தெரியாது. டி.ரேம் வேறு, எஸ்.எல்.சி. கேஷ் வேறு. எந்தத் தரவு எந்த மூலையில் கிடக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ளத்தான் டி.ரேம், 1 டி.பி.க்குச் சுமார் 1 ஜி.பி. வேண்டும். விலையைக் குறைக்க அதை எடுத்துவிட்டால், புதிய வகை இணைப்பான என்.வி.எம்.இ. டிரைவாவது கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். பழைய வகை இணைப்பான சாட்டா டிரைவுக்கு அந்த வழியும் இல்லை. இதைக் கடைக்காரர் எப்படிச் சொல்வார்? நீங்கள் அவருக்கே சொல்லவில்லை.

உங்கள் துறைக்கே பெயர் வைப்பதில் ஒரு தனித் திறமை. யு.எஸ்.பி. 3.0 என்று வந்ததை 3.1 ஜென் 1 என்றார்கள், பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான். 1 டி.பி. என்று வாங்கினால் விண்டோஸில் 931 என்று காட்டும், அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆயுளைக் காட்ட இத்தனை டி.பி. எழுதலாம் என்று ஓர் எண் கொடுப்பீர்கள். அவ்வளவையும் எந்த வேகத்தில் எழுதுவது என்று மட்டும் கேட்கக் கூடாது. உத்தரவாதம் முடிவதற்குள் எழுதி முடித்துவிடலாமா?

சரி, மண்டபத்துக் கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. மன்னிக்க வேண்டும். மலிவு டிரைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி உங்கள் டிரைவைப் போட்டு எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். பில் போடுகிறவருக்கும் பாடம் படிக்கிற பிள்ளைக்கும் கேஷ் நிறையப்போவதே இல்லை. எனக்கு நிறையும். கேமராக்காரருக்கும் பேக்கப் எடுப்பவருக்கும் நிறையும். 60 என்று போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் காசு போட்டு டி.எல்.சி. வாங்கியிருப்பேன். அதுவும் உங்களிடம்தானே வாங்கப்போகிறேன்?

அந்தப் பெட்டி இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. பின்பக்கம் பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் ஏதேதோ எச்சரிக்கை, குப்பைத் தொட்டிப் படம், நாலைந்து முத்திரை. அவற்றுக்குக் கீழே சுண்டுவிரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. கேஷ் காலி டிரைவில் எவ்வளவு, முக்கால்வாசி நிறைந்த டிரைவில் எவ்வளவு, அது தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவு என்று ஒரு வரி அங்கே தாராளமாகப் பிடிக்கும். அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது தயவுசெய்து அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்,
கல்யாண வீடியோக்காரன்